வோல்ட்டும் ஆம்பியரும் தெரியும், ஓமும் வாட்டும் ஏன் தப்பாக வருகின்றன?

வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் ஓம் (தடை), பெருக்கினால் வாட் (திறன்). இதில் வகுக்கவோ பெருக்கவோ தெரியாமல் தவறுபவர்கள் குறைவு. எதனுடைய வோல்ட், எதனுடைய ஆம்பியர் என்று பார்க்காமல் எண்களை எடுத்துப் போடுவதில்தான் கணக்கு கெடுகிறது. ஒரு பொருளின் இரு முனைகளுக்கு இடையே இருக்கும் வோல்டேஜும், அதே பொருளின் வழியாக அதே நேரத்தில் ஓடும் கரண்டும் மட்டுமே ஒரே கணக்கில் சேரும்.

12 வோல்ட் சப்ளையில் ஒரு சிவப்பு எல்.இ.டி.யை 20 மில்லி ஆம்பியரில் எரிய வைக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். பலர் 12 ÷ 0.02 = 600 ஓம் என்று முடித்துவிடுவார்கள். எல்.இ.டி.யே சுமார் 2 வோல்ட்டை எடுத்துக்கொள்கிறது. ரெசிஸ்டருக்கு மிஞ்சுவது 10 வோல்ட். ஆகவே 10 ÷ 0.02 = 500 ஓம். கடையில் எளிதாகக் கிடைப்பது 470 அல்லது 560. 560 போட்டால் கரண்ட் ஏறத்தாழ 18 மில்லி ஆம்பியர், ரெசிஸ்டரில் வெப்பம் 0.18 வாட். கால் வாட் ரெசிஸ்டர் தாங்கும், ஆனால் நன்றாகச் சுடும். மூடிய பெட்டிக்குள் வைப்பதென்றால் அரை வாட் போடுவதே நல்லது.

மில்லியை மறந்து 10 ÷ 20 = 0.5 ஓம் என்று போடுகிறவர்களும் உண்டு. அந்த 0.5 சரிதான், அலகுதான் தப்பு: வோல்ட்டை மில்லி ஆம்பியரால் வகுத்தால் கிடைப்பது கிலோ ஓம். பெருக்கினால் மில்லி வாட். இதை நினைவில் வைத்தால் புள்ளி வைத்துத் தடுமாற வேண்டாம்.

ஒயர் கணக்கில் இதைவிடப் பெரிய குழப்பம் நடக்கும். மீட்டர் போர்டிலிருந்து 25 மீட்டர் தள்ளி 2000 வாட் கீசர். இழுத்திருப்பது 1 சதுர மில்லிமீட்டர் தாமிர ஒயர். (இந்த லோடுக்கு அது போதாது. 2.5 போட வேண்டும். ஆனால் பழைய வீடுகளில் இப்படித்தான் இருக்கும்.) அந்த ஒயரின் தடை மீட்டருக்கு ஏறத்தாழ 0.018 ஓம். முதல் தவறு, 25 மீட்டருக்கு மட்டும் கணக்குப் போடுவது. கரண்ட் பேஸில் போய் நியூட்ரலில் திரும்புகிறது; நீளம் 50 மீட்டர், தடை 0.9 ஓம். இரண்டாவது தவறு, ஒயரில் வீணாகும் வாட்டைக் கண்டுபிடிக்க 230 × 230 ÷ 0.9 என்று போடுவது (வோல்ட் × ஆம்பியரில் ஆம்பியருக்குப் பதில் வோல்ட் ÷ ஓம் என்று வைத்தால் இப்படி வரும்). விடை 58,000 வாட்டைத் தாண்டும்; வீடே எரிந்திருக்க வேண்டும்! 230 வோல்ட் ஒயரின் மேல் விழுவதில்லை.

கீசரின் தடை 230 × 230 ÷ 2000 = 26.45 ஓம். ஒயரையும் சேர்த்தால் 27.35. ஓடும் கரண்ட் 8.4 ஆம்பியர். ஒயரில் விழுவது சுமார் 7.6 வோல்ட், வீணாவது 64 வாட். கீசருக்குப் போய்ச் சேர்வது 222 வோல்ட், அதனால் சுமார் 1,870 வாட். இதே லைனில் பிளக் தளர்ந்து அரை ஓம் தடை கூடினால், அந்த ஒரு புள்ளியிலேயே ஏறத்தாழ 34 வாட் வெப்பம் உண்டாகும். பிளக் உருகுவதற்கு அதுவே காரணம். இவ்வளவு சிறிய தடையை மல்டிமீட்டரின் ஓம் ரேஞ்சில் பார்த்து நம்ப வேண்டாம். புரோப் ஒயர்களே 0.2, 0.3 ஓம் காட்டும்.

வோல்டேஜ் 180க்கு இறங்கினால் இதே கீசர் 2000 ÷ 180 = 11 ஆம்பியர் இழுக்கும் என்பார்கள். இழுக்காது. காயிலின் தடை மாறவில்லை; ஆகவே 6.8 ஆம்பியர், 1,225 வாட்தான். வோல்டேஜ் 22 சதவீதம் குறைந்ததற்கு வாட் 39 சதவீதம் குறைந்துவிட்டது. கம்ப்யூட்டர் பவர் சப்ளை போன்றவை வேறு வகை: வாட்டை நிலையாக வைத்துக்கொள்ள அவை கூடுதல் கரண்டை இழுக்கும்.

காயிலின் தடை மாறவில்லை என்பதையும் எல்லாவற்றுக்கும் நீட்டக் கூடாது. 60 வாட் குண்டு பல்பு எரியும்போது அதன் தடை சுமார் 880 ஓம். அணைந்து ஆறிய பல்பை மல்டிமீட்டரில் பார்த்தால் அதில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. டங்ஸ்டன் சூடாகச் சூடாகத் தடை ஏறும். ஆறிய அளவை வைத்து வாட் போட்டால் 60 வாட் பல்பு பல நூறு வாட் பல்பாகிவிடும். கீசர், அயர்ன் பாக்ஸில் உள்ள நிக்ரோம் கம்பியில் இந்த மாற்றம் மிகக் குறைவு. அங்கே ஆறிய அளவை நம்பலாம்.

சோக் போட்ட பழைய 40 வாட் டியூப்லைட்டில் கிளாம்ப் மீட்டர் (ஒயரைக் கவ்விக் கரண்டை அளக்கும் கருவி) 0.43 ஆம்பியர் காட்டும். 230ஆல் பெருக்கினால் 99. டியூப்பும் சோக்கும் சேர்ந்து உண்மையில் எடுப்பது 50 வாட்டை ஒட்டித்தான். பவர் பேக்டர், அதாவது பெருக்கி வந்த எண்ணில் உண்மையில் வாட்டாகும் பங்கு, ஏறத்தாழ 0.5. பெருக்கி வந்த 99 வோல்ட்-ஆம்பியர், வாட் அல்ல. 230 ÷ 0.43 = 535 ஓம் என்பதும் வெறும் மின்தடை இல்லை; அதில் சோக்கின் காந்தப்புல எதிர்ப்பும் கலந்திருக்கிறது. மோட்டாருக்கும் இதே கதைதான். த்ரீ பேஸ் என்றால், இரு பேஸ்களுக்கு இடையே உள்ள 415 வோல்ட்டை மூன்றால் பெருக்காதீர்கள், 1.732ஆல் பெருக்குங்கள். 10 ஆம்பியர், பவர் பேக்டர் 0.8 என்றால் 5,750 வாட் வரும். மோட்டார் தகட்டில் உள்ள எச்.பி. (குதிரைத்திறன்), தண்டு வெளியே தரும் திறன்; 5 எச்.பி. என்பதை 3,730 வாட் என்று மாற்றி மின்செலவுக் கணக்கில் போட்டால் மோட்டாரின் இழப்பு விட்டுப்போகும்.

அதே நேரம் என்ற நிபந்தனை பேட்டரியில்தான் அதிகம் தவறும். லோடு இல்லாமல் 12.6 வோல்ட் அளந்து, பிறகு லோடு போட்டு 10 ஆம்பியர் அளந்து, 126 வாட் என்று எழுதிவிடுவார்கள். லோடு ஓடும்போது லோடின் முனைகளில் 11.8 வோல்ட் இருந்தால் உண்மை 118 வாட். காணாமல் போன 0.8 வோல்ட்டை 10 ஆம்பியரால் வகுத்தால் 0.08 ஓம், அது பேட்டரியின் உள்தடையும் ஒயர், இணைப்புகளின் தடையும் சேர்ந்தது. எது எவ்வளவு என்று பிரிக்க, லோடு ஓடும்போதே பேட்டரி முனைகளிலும் ஒரு முறை அளந்து பாருங்கள்.