நாயின் நாள்பட்ட குடல் அழற்சி: புதியவர்கள் திரும்பத் திரும்பச் செய்யும் தவறுகள்

பரந்தன் பக்கம் யாருடைய நாய்க்காவது கழிச்சல் கிழமைக்கணக்கில் நிற்கவில்லை என்றால், கதை எப்படியோ என்னிடம் வந்து சேர்ந்துவிடும். எங்கள் வீட்டு அல்சேஷன் பல வருடமாக இந்த வருத்தத்தோடுதான் சீவிக்கிறது. வருகிறவர்கள் சொல்வதைக் கேட்டால், நாங்கள் பழையவர்கள் தடுக்கி விழுந்த அதே இடத்தில்தான் இவர்களும் வரிசையாக விழுகிறார்கள். அழுகிய சாப்பாடு போடாதே, தண்ணீரை மாற்றி வை என்பதெல்லாம் சொல்லாமலே தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

ஒன்றை மட்டும் முதலில் சொல்ல வேண்டும். மூன்று கிழமைக்கு மேல் கழிச்சலோ சத்தியோ மெலிவோ விட்டுவிட்டு வந்தால்தான் அதை நாள்பட்டது என்கிறோம். குடல் சுவரில் அழற்சி அணுக்கள் குவிந்து கிடக்கும். உணவு, குடலில் வாழும் பக்டீரியா, உடலின் எதிர்ப்புச் சக்தி, பரம்பரை எல்லாம் சேர்ந்து செய்யும் வேலை அது. பெரும்பாலும் முற்றாக மாறாது, அடக்கி வைத்திருக்கலாம். ‘எப்ப அண்ணை சுகமாகும்?’ என்று கேட்பவர்களுக்கு இதைச் சொன்னால் முகம் சுருங்கிவிடும்.

பெயரை அவசரமாக வைப்பது

ஐ.பி.டி. (இந்த நாள்பட்ட குடல் அழற்சியின் ஆங்கிலச் சுருக்கம்) என்ற பெயர் மற்றதெல்லாம் இல்லை என்று ஆன பிறகு வர வேண்டியது. வன்னியில் மணலும் ஈரமும் உள்ள வளவுகளில் நாய்க்குக் கொழுக்கிப்புழு சாதாரணம். சவுக்குப்புழுவும் ஜியாடியா என்ற நுண்ணிய ஒட்டுண்ணியும் மலச் சோதனையில் ஒருமுறை தப்பி மறுமுறை அகப்படும். உண்ணிக் காய்ச்சலும் நாயை மெலிய வைக்கும். அல்சேஷன் அகோரமாகத் தின்றும் எலும்பும் தோலுமாகி, வெளிறிய மலத்தைக் குவியல் குவியலாகக் கழித்தால், முதலில் சந்தேகப்பட வேண்டியது கணையத்தை. அது சமிபாட்டு நொதியைச் சுரக்காவிட்டால் எந்தக் குடல் மருந்தும் உதவாது. டி.எல்.ஐ. என்ற இரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். அட்ரினல் சுரப்பி போதியளவு சுரக்காத அடிசன் நோயும் இதே வேடத்தில் வரும், அதற்கு அந்தச் சுரப்பி சுரக்கும் கோர்டிசோலின் அளவைப் பார்க்க வேண்டும்.

மனிதருக்கான பூச்சிக் குளிசை

வேண்டாம். அல்பென்டசோல் நாயின் எலும்பு மச்சையைக் கெடுக்கக்கூடியது. மிருக வைத்தியரிடம் பென்பென்டசோல் கேளுங்கள்.

சாப்பாட்டுச் சோதனையை அரைகுறையாகச் செய்வது

எனக்கு இன்னமும் எரிச்சல் வருவது இந்த ஒன்றில்தான். மற்றத் தவறுகள் தெரியாமல் வருபவை. இது எல்லாம் சொல்லிக்கொடுத்து, எழுதிக்கொடுத்து, தலையாட்டி வாங்கிக்கொண்டு போன பிறகும் நடக்கிறது. பிறகு வந்து, “சாப்பாடு மாத்திப் பாத்தம், சரிவரேல்லை” என்பார்கள்.

சோதனை என்றால் இவ்வளவுதான்: நாய் தன் வாழ்நாளில் தின்றிராத ஒரு புரதம், ஒரு மாப்பொருள், தண்ணீர். அல்லது புரதத்தைச் சின்னச் சின்னத் துண்டுகளாக உடைத்துத் தயாரிக்கும் ஹைட்ரோலைஸ்ட் உணவு. பலன் இருந்தால் பெரும்பாலும் இரண்டு கிழமைக்குள் மலத்தில் தெரியும். தெரிந்தால் மூன்று மாதமளவு அதிலேயே வைத்திருக்கச் சொல்வார்கள். இந்த வருத்தமுள்ள நாய்களில் கணிசமானவை உணவு ஒன்றாலேயே தேறுகின்றன. அதனால்தான் வைத்தியர்கள் அழற்சியை அடக்கும் ஸ்டெராய்டு மருந்துக்கு முன் இதை வைக்கிறார்கள்.

தின்றிராத புரதம் என்பதிலேயே எங்களுக்குச் சிக்கல் தொடங்குகிறது. இங்கத்தை நாய் எதைத் தின்னவில்லை? மீன் தலை, கருவாடு, கோழி எலும்பு, மாட்டுக் கொழுப்பு, சோயா மீட், முட்டை, பால்மா எல்லாம் ஒரு வயதுக்குள் முடிந்துவிடும். ஆட்டிறைச்சி புதிது என்பார்கள். ஆனால் மாடு ஒத்துக்கொள்ளாத நாய்க்கு ஆடும் ஒத்துக்கொள்ளாமல் போகலாம், இரண்டின் புரதமும் நெருங்கியவை. முயல் வளர்ப்பவர் கிடைத்தால் நல்லது. பன்றி இறைச்சி பல நாய்களுக்குப் புதிதுதான், அதை வளவுக்குள்ளேயே எடுக்காத வீடுகளும் பல. மான், மரை என்று யாராவது காதுக்குள் சொன்னால் எழும்பிப் போய்விடுங்கள், வேட்டை சட்டப்படி குற்றம். மாப்பொருளுக்கு உருளைக்கிழங்கோ வற்றாளையோ போதும். உப்பு, தூள், வெங்காயம் எதுவும் இல்லாமல் நன்றாக அவிக்க வேண்டும். வெங்காயம் நாய்க்கு நஞ்சு.

புதுக்குடியிருப்பில் ஒரு வீடு. முயலிறைச்சியும் வற்றாளையும் தனிப் பானையில் அவித்து, தனிக் கரண்டி, தனிக் கோப்பை எல்லாம் வைத்து ஒழுங்காகத்தான் செய்தார்கள். நாய் தேறவில்லை. வைத்தியர் அடுத்த கட்டமாகப் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டெராய்டு பற்றிக் கதைக்கத் தொடங்கிவிட்டார். “அண்ணை, சத்தியமா வேற ஒண்டும் குடுக்கேல்லை” என்றான் வீட்டுப் பெடியன். பொய் சொல்கிற பெடியனும் இல்லை. சரி என்று ஒரு விடியப்புறம் போய் அவர்கள் குந்தில் இருந்தேன். அப்பு கிணற்றடிப் பக்கம் தேத்தண்ணிக் கோப்பையோடு வந்து இருந்தார். பாணைப் பிய்த்து நனைத்துத் தின்றார், பல்லில்லாத வாய்க்குக் கரை கடினம். கரையை ஒவ்வொன்றாகப் பால் தேத்தண்ணியில் தோய்த்து, திரும்பிப் பார்க்காமலே கையைக் கீழே விட்டார். நாயும் அவசரப்படாமல், விரலில் பல் படாமல் வாங்கிக்கொண்டது. இரண்டு பேருக்கும் நெடுநாள் பழக்கம் என்று பார்த்தாலே தெரிந்தது. கேட்டதற்கு அவர், “பாண் கரை தம்பி, அது என்ன சாப்பாடே?” என்றார்.

கோதுமையும் பாலும். நாய்களுக்கு ஒவ்வாமை தருவதாக அடிக்கடி அகப்படும் இரண்டு பொருள், ஒவ்வொரு நாளும், வெறும் வயிற்றில்!

பாண் கரையால் வந்த கழிச்சலை விடப் பெரிய நட்டம் வேறு. இடையில் ஒரு துண்டு போனால் முக்கால்வாசிச் சோதனையாவது மிஞ்சும் என்று நினைக்கிறார்கள். ஒன்றும் மிஞ்சாது, தவறான விடைதான் கையில் வரும். உணவால் தேறக்கூடிய நாய் ‘உணவுக்குக் கேட்காத நாய்’ என்று கொப்பியில் ஏறிவிடும். அடுத்தது ஸ்டெராய்டு. ஸ்டெராய்டு போனால் நாய்க்குப் பசி தாங்காது. குப்பைக்கிடங்கைக் கிண்டும், அயல்வீட்டுக் குசினிப் பக்கம் போய் நிற்கும். அதற்குப் பிறகு ஒழுங்கான சோதனை செய்வது இன்னும் கடினம். காசும் மாதங்களும் போய், நாயின் தசையும் கரைந்து, கடைசியில் தொடங்கிய இடத்துக்கே வருவார்கள். புதுக்குடியிருப்பு நாய்க்குப் பாண் கரையை நிற்பாட்டிப் புதிதாக இரண்டு கிழமை எண்ணத் தொடங்கினோம். இன்றுவரை அதற்கு ஸ்டெராய்டு தேவைப்படவில்லை. அப்பு என்னோடு கதைப்பது குறைவு.

ஆகவே, தொடங்கும் முன் வளவைப் பாருங்கள், அப்புறம் சட்டியைப் பார்க்கலாம். வேலி இல்லாத வளவில் நாயைக் கட்டி வைக்கத்தான் வேண்டும், வெளியில் போகும்போது சங்கிலியோடு. மீன் வெட்டும் இடத்தைக் கழுவி விடுங்கள். பனம்பழம் விழும் காலத்தில் விடிய எழும்பிப் பொறுக்குங்கள், நாய் உங்களுக்கு முந்திவிடும். வற்றாப்பளைப் பொங்கல், ஊர்க் கோயில் அன்னதானம், செத்தவீட்டு எட்டுச் செலவு இருக்கிற கிழமையில் சோதனை தொடங்காதீர்கள். அயலவர்களிடம் ‘ஒவ்வாமை’ என்று விளக்கினால் ஒரு துண்டுதானே என்று போடுவார்கள். ‘மருந்து சாப்பிடுது, வேறு சாப்பாடு போனால் செத்துப்போகும்’ என்று சொல்லுங்கள். கொஞ்சம் கூட்டித்தான், ஆனால் வேலை செய்யும்.

வயிற்றுக்கு நல்லது என்று எருமைத் தயிர் வைப்பவர்கள் உண்டு. அது பால் புரதம், சோதனை அன்றோடு முடிந்தது. உண்ணிக்குக் கொடுக்கும் மெல்லும் குளிசைகளில் இறைச்சிச் சுவை சேர்த்திருப்பார்கள். அந்தக் காலத்துக்குக் கழுத்தில் விடும் மருந்துக்கு மாறலாமா என்று வைத்தியரைக் கேளுங்கள். குளிசையைச் சொசேஜ் துண்டுக்குள் ஒளித்துக் கொடுப்பதும் இதே கணக்கில்தான். வற்றாளை உருண்டைக்குள் வையுங்கள்.

நாய் தேறிய பிறகு பழைய சாப்பாடுகளை ஒவ்வொன்றாகத் திருப்பிக் கொடுத்துப் பார்த்தால்தான் குற்றவாளி யார் என்று தெரியும். இதற்கு யாரும் சம்மதிப்பதில்லை, நானும் வற்புறுத்துவதில்லை. ஆனால் அவித்த இறைச்சியும் கிழங்கும் மட்டும் மாதக்கணக்கில் போனால் கல்சியம் குறையும், இன்னும் பலதும் குறையும். எதை எவ்வளவு சேர்ப்பது என்று வைத்தியரிடம் எழுதி வாங்குங்கள்.

கழிச்சல் கண்டதும் மெட்ரோனிடசோல்

இது பக்டீரியாவைக் கொல்லும் மருந்து. பாமசியில் கேட்டால் கிடைக்கிறது, இரண்டு நாளில் மலமும் இறுகுகிறது, அதனால் எல்லோருக்கும் பிடித்த குளிசை. நிற்பாட்டினால் பழையபடி. திரும்ப ஒரு அட்டை. ஒவ்வொரு முறையும் குடலின் நல்ல பக்டீரியாவையும் சேர்த்து அழிக்கிறது, அவை மீளக் கிழமைகள் எடுக்கும். அளவு கூடினால் நாய் தள்ளாடும், கண் ஆடும். வைத்தியர் காரணத்தோடு எழுதினால் கொடுங்கள், வீட்டு அலுமாரியில் சேர்த்து வைக்க வேண்டாம்.

பிரெட்னிசோலோனை நினைத்தபடி நிறுத்துவது

உணவுக்குக் கேட்காத நாய்களுக்கு இது தேவைதான். தொடக்கத்தில் கிலோவுக்கு 1 முதல் 2 மில்லிகிராம் வரை நாளொன்றுக்குக் கொடுத்து, நாய் நிலைத்த பிறகு சில கிழமைக்கு ஒருமுறை படிப்படியாகக் குறைப்பார்கள். நாய் வீடு முழுக்க மூத்திரம் பெய்கிறது என்ற கோபத்தில் ஒரே நாளில் நிற்பாட்டுபவர்களைக் கண்டிருக்கிறேன். சில கிழமை வெளியிலிருந்து ஸ்டெராய்டு போனால் உடல் தன் பங்கைச் சுரப்பதை விட்டுவிடும். திடீரென நிறுத்தினால் நாய் சோர்ந்து விழும், சிலவேளை எழும்பாது. மூத்திரம் பிரச்சினை என்றால் வைத்தியரிடம் சொல்லுங்கள், குறைக்க வழி இருக்கும். பங்குனி சித்திரை வெயிலில் தண்ணீரைக் குறைத்து மூத்திரத்தைக் குறைக்கலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள்.

அதோடு ஒரு நோக்குளிசை

ஸ்டெராய்டு எடுக்கும் நாய்க்கு புரூபன், டைக்குளோபினாக் எதுவும் கூடாது. இரைப்பை ஓட்டையாகும்.

பி12 ஐ மறப்பது

சிறுகுடலின் கடைசிப் பகுதி கெட்டால் பி12 உறிஞ்சாது. அது குறைவாக இருக்கும்வரை நல்ல மருந்தும் சரியாக வேலை செய்யாது, நாய்க்குச் சாப்பாட்டில் மனம் போகாது. கிழமைக்கு ஒரு ஊசி என்று ஆறு கிழமை போடுவது வழக்கம், குளிசையாகவும் கொடுக்கலாம். இந்த வருத்தத்தில் செலவு குறைந்த மருந்து இதுதான், அதிகம் மறக்கப்படுவதும் இதுதான்.

வயிறு ஊதினால் ‘கொழுத்துவிட்டான்’ என்பது

முதுகெலும்பு தெரிய வயிறு மட்டும் தொங்கினால் உள்ளே நீராக இருக்கலாம். இந்த வருத்தத்தில் அது பெரும்பாலும் இரத்தத்திலுள்ள அல்புமின் என்ற புரதம் குடல் வழியே வடிந்துவிட்டதன் அடையாளம். அன்றே கொண்டு போங்கள்.

பேராதனைக்கு வெறுங்கையோடு போவது

குடலில் சதைத் துண்டு எடுத்துப் பார்க்க வேண்டிய நிலை வந்தால், பலருக்குப் பேராதனை மிருக வைத்தியப் பீடத்தின் போதனா வைத்தியசாலைதான் வழி. ஏ9 வீதியில் ஒரு முழு நாள் பயணம், வருத்தமான நாயோடு. அவ்வளவு தூரம் போய், ‘எப்ப தொடங்கினது, என்ன குடுத்தது’ என்ற கேள்விக்கு வீட்டுக்காரர் ஆளை ஆள் பார்க்கக் கூடாது. ஒரு கொப்பியில் ஆறு விடயம் எழுதுங்கள்: உசார், பசி, சத்தி, மலத்தின் தன்மை, எத்தனை முறை, நிறை. நிறைக்கு வீட்டுத் தராசு போதும், நாயைத் தூக்கிக்கொண்டு ஏறி உங்கள் நிறையைக் கழியுங்கள். கொடுத்த குளிசைகளின் வெற்று அட்டைகளையும் கொப்பிக்குள் ஒட்டி வையுங்கள்.

போவதற்கு முந்தின கிழமை ‘வழியில் கழியாமல் இருக்கட்டும்’ என்று யாராவது பிரெட்னிசோலோன் தந்தால் வாங்காதீர்கள். லிம்போமா என்ற புற்றுநோயும் இதே மாதிரித்தான் தொடங்கும். ஸ்டெராய்டு போன குடலில் அது மறைந்து நிற்கும், எடுத்த துண்டில் ஒன்றும் தெரியாமல் திரும்பி வர வேண்டியிருக்கும். காருக்குள் பழைய சாரம் நாலைந்து விரித்துக்கொண்டு போங்கள், போதும்.