ஆர்மர்டு கோர் 6: பத்து வருடம் கழித்துத் திரும்பிய தொடரில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2013-இல் 'வெர்டிக்ட் டே' வந்ததோடு ஆர்மர்டு கோர் என்ற வீடியோ கேம் தொடர் நின்றுபோனது. அதை உருவாக்கிய ஃப்ரம்சாஃப்ட்வேர், டார்க் சோல்ஸ், பிளட்போர்ன், செகிரோ, எல்டன் ரிங் என்று வேறு பாதையில் போய் உலகப் புகழ் பெற்றுவிட்டது. ராட்சத ரோபோவைக் கை, கால், தலை என்று பாகம் பாகமாக நாமே பூட்டி ஓட்டும் அந்தத் தொடர் இனி வராது என்று, 1997-இன் முதல் பிளேஸ்டேஷன் கேமிலிருந்தே கூட வந்த ரசிகர்கள் பலரும் மனதைத் தேற்றிக்கொண்டோம். 2023 ஆகஸ்ட் 25 அன்று 'ஆர்மர்டு கோர் 6: ஃபயர்ஸ் ஆஃப் ரூபிகான்' வெளியானது.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தத் தொடரின் உயிர் எங்கே இருக்கிறது என்று தெரிந்தவர்கள்தான் இதைச் செய்திருக்கிறார்கள். விளையாடுபவரின் கை வேகத்தைவிட, ரோபோவை எப்படிப் பூட்டுகிறார் என்பதைத்தான் இந்த கேம் அதிகம் சோதிக்கிறது. இது புரியாமல் முதல் அத்தியாயத்திலேயே வெறுத்துப்போய் மூடிவைப்பவர்களைப் பார்க்கும்போது எனக்கு ஆதங்கமாக இருக்கிறது. அவர்களுக்காகவும், என்னைப் போன்ற பழைய ரசிகர்களுக்காகவும் இதை எழுதுகிறேன்.

பெரும்பாலானவர்கள் செய்யும் பெரிய தவறு, ஒரே ரோபோவைக் கட்டிக்கொண்டு அழுவது. எல்டன் ரிங்கில் பழகியவர்களுக்கு இது இயல்பாக வரும். அங்கே பிடித்த ஒரு வாளை எடுத்து, அதையே மேம்படுத்தி, கடைசிவரை அதோடு போகலாம். இங்கே பாகங்களுக்கு லெவல் கிடையாது. ஒரு துப்பாக்கி முதல் நாள் எப்படி இருந்ததோ கடைசி நாளும் அப்படியேதான் இருக்கும். அதனால் ஒரு பாஸிடம், அதாவது பெரிய எதிரியிடம், திரும்பத் திரும்பத் தோற்றால், இன்னும் நன்றாக ஆடினால் ஜெயிக்கலாம் என்று நினைப்பதற்கு முன்னால், கையில் இருக்கும் ஆயுதம் சரிதானா என்று பாருங்கள். கடையில் வாங்கிய பாகத்தை வாங்கிய அதே விலைக்குத் திருப்பி விற்கலாம். பரிசோதித்துப் பார்ப்பதில் ஒரு பைசா நஷ்டம் கிடையாது. இவ்வளவு தாராளமான ஒரு வசதியைப் பலர் கவனிப்பதே இல்லை.

பால்டியஸ் இதற்கு நல்ல உதாரணம். முதல் அத்தியாயத்தின் கடைசியில், தண்ணீர் பரப்பின் மேல் மிதந்து வரும் அந்த இயந்திரம்தான் ஏராளமானவர்களை வீட்டுக்கு அனுப்பியது. அதன் முதுகில் ஏவுகணைகள் ஒரு வளையமாக நிற்கும். உடம்பைச் சுற்றிப் பச்சை வெளிச்சமாக ஒரு பல்ஸ் ஷீல்டு, அதாவது ஆற்றல் கேடயம், இருக்கும். சாதாரண ரைஃபிளை வைத்துக்கொண்டு அந்த ஷீல்டைச் சுரண்டிக்கொண்டே இருந்தால், அது உடைவதற்குள் ஏவுகணை மழையில் நீங்கள் முடிந்துபோவீர்கள். ஒரு கையில் பல்ஸ் கன் மாட்டிப் பாருங்கள். ஷீல்டைக் கரைப்பதற்கென்றே இருக்கும் ஆயுதம் அது, கடையிலேயே கிடைக்கும். ஷீல்டு போனதும் மற்ற ஆயுதங்கள் எல்லாம் நேரடியாக உடம்பில் இறங்கும். ஆட்டத்தின் ஆரம்பத்திலேயே கொடுக்கப்படும் பல்ஸ் பிளேடும் இங்கே நன்றாக உதவும். ஏவுகணைகள் விரிந்து வரும்போது பின்னால் ஓடாமல், எதிரியை நோக்கிப் பாயும் அசால்ட் பூஸ்டைப் போட்டு அவற்றுக்கு அடியில் புகுந்து முன்னால் போய்விடுங்கள். பெரும்பாலானவை தலைக்கு மேலே கடந்துவிடும். பால்டியஸின் உயிர்க் கோடு பாதிக்குக் கீழே போனதும் அது நெருப்பை வீசத் தொடங்கும். அப்போது மட்டும் கொஞ்சம் உயரத்தில் இருப்பது நல்லது.

இன்னொன்று, தோற்ற பிறகு வரும் மெனுவைப் படிக்காமல் உடனே மறுபடி தொடங்குவது. சோதனைச் சாவடியிலிருந்து, அதாவது செக்பாயிண்டிலிருந்து, தொடங்கும்போதே ரோபோவை மாற்றிப் பூட்டிக்கொள்ளலாம். ஆனால் அங்கே கடை கிடையாது, ஏற்கெனவே வாங்கி வைத்த பாகங்களைத்தான் மாட்ட முடியும். புதிதாக வாங்க வேண்டுமென்றால் மிஷனை விட்டே வெளியே வர வேண்டும். அதனால் பெரிய மிஷனுக்குப் போகும் முன் ஒரு பல்ஸ் கன், ஒரு ஷாட்கன், ஒரு பாசூக்கா என்று நாலு வகையைக் கையிருப்பில் வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

அடுத்தது, தூரத்திலேயே நின்று சுடுவது. பாதுகாப்பு என்று நினைத்துச் செய்வதுதான் இங்கே ஆபத்தாகிவிடுகிறது. குண்டு போடும் துப்பாக்கிகளுக்கு ஒரு வீச்சு எல்லை உண்டு. அதைத் தாண்டி நின்றால் குண்டு எதிரியின் கவசத்தில் பட்டுச் சிதறிவிடும், சேதம் வெகுவாகக் குறைந்துவிடும். அதைவிட முக்கியம் ஸ்டாகர். எதிரியின் உயிர்க் கோட்டுக்குப் பக்கத்தில் இன்னொரு கோடு நிரம்பிக்கொண்டே வருவதைப் பாருங்கள். அது முழுதும் நிரம்பினால் எதிரி சில நொடிகள் நிலைகுலைந்து நிற்பான், அந்த நேரத்தில் விழும் அடிக்குச் சேதம் வழக்கத்தைவிட மிக அதிகம். நீங்கள் விலகி ஓடி ஒளிந்தால் அந்தக் கோடு மெல்ல இறங்கிவிடும், பட்ட பாடெல்லாம் வீண். எனவே விடாமல் அழுத்தம் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். முதல் மிஷனில் வரும் ஹெலிகாப்டரே இந்தப் பாடத்தைத்தான் நடத்துகிறது. கீழே கட்டடத்துக்குப் பின்னால் பதுங்கிச் சுடுபவர்களை அது சிரமப்படுத்தும். மேலே ஏறிப் பக்கத்தில் போய் பிளேடால் வெட்டுபவர்களிடம் சீக்கிரமே விழுந்துவிடும்.

நான்கு ஆயுதங்கள் இருந்தும் ஒன்றை மட்டுமே சுடுவதும் இதே வகைதான். இரண்டு கை, இரண்டு தோள், நான்குக்கும் தனித்தனி பட்டன். ஒன்று ரீலோடு ஆகும்போது மற்றது பேச வேண்டும். தோள் ஏவுகணையாலும் கை ரைஃபிளாலும் ஸ்டாகர் கோட்டை நிரப்புங்கள். நிரம்பிய அந்த நொடிக்காகக் கனமான ஒன்றை, பாசூக்காவையோ பிளேடையோ, சேமித்து வையுங்கள். இந்த ஒரு பழக்கம் வந்துவிட்டால் பாதி கேம் எளிதாகிவிடும்.

எண்களைப் பற்றி ஒரே ஒரு வார்த்தை. சேத அளவை மட்டும் பார்த்து ஆயுதம் வாங்காதீர்கள். ஜெனரேட்டரின் மின்சாரத்தைப் பாகங்கள் முழுதாக உறிஞ்சிவிட்டால், பறக்கவும் விலகவும் தேவையான ஆற்றல் நிரம்பத் தாமதமாகும். பூஸ்ட் கோட்டை அடியோடு காலி செய்யாமல், கொஞ்சம் மிச்சம் வைத்துத் தரையிறங்கினால் சீக்கிரம் மீளும். அப்புறம், மற்ற ரோபோக்களோடு ஒற்றைக்கு ஒற்றை மோதும் அரினாவை ஒதுக்கிவிடாதீர்கள். அங்கே ஜெயித்தால் கிடைக்கும் சிப்புகளைக் கொண்டுதான் ரோபோவின் அடிப்படைத் திறன்களைக் கூட்ட முடியும். கை ஆயுதத்தைத் தோளில் மாட்டும் வசதியும் அங்கிருந்துதான் திறக்கும்.

இனிப் பழைய ரசிகர்களிடம். "இது ஆர்மர்டு கோர் தோல் போர்த்திய டார்க் சோல்ஸ்" என்று சொல்லி ஒதுக்குவது பெரிய அநியாயம். பாஸ் சண்டைகள் கூடியிருக்கின்றன, சண்டைக்கு நடுவே உயிரை ஏற்றும் ரிப்பேர் கிட் வந்திருக்கிறது, அதெல்லாம் உண்மைதான். ஆனால் இதை இயக்கியவர் டார்க் சோல்ஸ் புகழ் ஹிடெடகா மியாசாகி அல்ல, செகிரோவில் பணியாற்றிய மசாரு யாமமுரா. மியாசாகியே இந்தத் தொடரிலிருந்துதான் வளர்ந்தார் என்பதையும் மறந்துவிடுகிறோம். ஆர்மர்டு கோர் 4, ஃபார் ஆன்சர் இரண்டையும் இயக்கியவர் அவர்தான். எதைப் பார்த்து எது கற்றது என்று தலைகீழாகப் பேசக் கூடாது.

ஒரு குறை எனக்கும் உண்டு. முதல் கேமில் கடன் ஐம்பதாயிரத்தைத் தாண்டினால் நம்மைப் பிடித்து அறுவை சிகிச்சை செய்து, பாதி மனிதனாக மாற்றி மறுபடி களத்தில் இறக்குவார்கள். குண்டுச் செலவைக் கணக்குப் பார்த்துச் சுட்ட அந்தப் பதற்றம் இதில் இல்லை. கூலிப்படைக்காரன் கதைக்கு அந்தப் பணநெருக்கடி வேண்டும் என்றே நினைக்கிறேன். இருந்தாலும், இங்கே நாம் ஓட்டும் 621 என்ற ஆளே அப்படி அறுவை சிகிச்சைக்கு ஆளானவன் என்பதைப் பார்த்தபோது, பழைய கேமை உருவாக்குபவர்கள் மறக்கவில்லை என்று மனம் நிறைந்தது.

கதைக்கு வருவோம். மிஷனுக்கு முன்னால் வரும் விளக்கத்தைத் தட்டித் தள்ளிவிடுபவர்கள் இந்த கேமில் பாதியை இழக்கிறார்கள். மனித முகம் ஒன்றைக்கூட இது காட்டாது. சின்னமும் குரலும் மட்டும்தான். நமக்கு வேலை கொடுக்கும் ஹாண்ட்லர் வால்டரின் வறண்ட குரலில் உள்ள அக்கறையும், தலைக்குள் பேசும் ஏயரின் தயக்கமும் ரேடியோ உரையாடலில்தான் இருக்கின்றன. மூன்றாவது அத்தியாயத்தில் ஐஸ் வார்ம் என்ற மலை போன்ற புழுவை வேட்டையாடும் இடத்தைப் பாருங்கள். நேற்றுவரை சண்டை போட்ட எதிரெதிர் கம்பெனிகளின் ஓட்டுநர்கள் ஒரே அலைவரிசையில் கத்திக்கொண்டு சேர்ந்து நிற்கிறார்கள். நாம் ஸ்டன் நீடில் கொண்டு ஷீல்டை உடைக்க வேண்டும், தூரத்தில் காத்திருக்கும் ரஸ்டி என்ற ஓட்டுநர் தன் ஒரே பெரிய துப்பாக்கியால் அடிப்பார். இந்தத் தொடரின் எந்த கேமிலும் இதற்கு ஈடான கூட்டுச் சண்டை எனக்கு நினைவில்லை.

கடைசித் தவறு, ஒரு முறை முடித்ததும் முடிந்தது என்று அழித்துவிடுவது. இரண்டாவது சுற்றில் மிஷன்களே மாறுகின்றன. முதல் சுற்றில் ரெட்கன் என்ற கம்பெனிப் படையின் ஓட்டுநர்கள் இருவரோடு சேர்ந்து தாக்கிய அணைக்கட்டில், இரண்டாவது முறை பாதி வேலையில் எதிர்த்தரப்பான ரூபிகான் விடுதலைப் படையிடமிருந்து அழைப்பு வரும்: கூட வந்தவர்களையே சுடு, அதிகப் பணம் தருகிறோம். அந்த இருவரில் ஒருவன் கதையில் எவ்வளவு முக்கியமானவன் என்பது மூன்றாவது சுற்றில்தான் தெரியும். மூன்றாவது முடிவு அந்தச் சுற்றில் மட்டுமே திறக்கும். அதற்கு, கூலிப்படையினருக்கு உதவும் ஆல்மைண்ட் என்ற அமைப்பு முன்வைக்கும் வேலைகளைத் தவறாமல் தேர்ந்தெடுத்துக்கொண்டே போக வேண்டும். முன்பே சேர்த்த பாகங்களும் பணமும் அப்படியே கூட வருவதால், இந்தச் சுற்றுகள் முதல் முறையைவிட வேகமாகவே நகரும்.