குடிநுழைவுச் சோதனையில் ஒருவர் பிடிபட்டபின் குடும்பத்தார் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோலாலம்பூரில் உணவகத்திலோ கட்டுமான இடத்திலோ வேலை செய்பவர் குடிநுழைவுத் துறையின் சோதனையில் பிடிபட்டால், செய்தி குடும்பத்துக்கு எட்டுவதற்குள் அவருடைய கைப்பேசி அணைந்துவிடும். அவர் புக்கிட் ஜாலில் தடுப்பு முகாமில் இருக்கிறாரா, செமினியே தடுப்பு முகாமில் இருக்கிறாரா என்றுகூடத் தெரியாது. அந்தப் பதற்றத்தில், ஆளை வெளியில் எடுத்துத் தருகிறேன் என்று சொல்லும் ஏஜெண்டிடம் பணத்தைக் கொடுப்பதுதான் தவறுகளில் தலையாயது. 1959/63ஆம் ஆண்டுக் குடிநுழைவுச் சட்டத்தின்படி, குடியுரிமை இல்லாதவரை மாஜிஸ்திரேட் முன் நிறுத்த 14 நாள் வரை அவகாசம் உண்டு. ஊரில் நகையை அடகு வைத்துப் பணம் அனுப்பி, ஏஜெண்டின் பதிலுக்குக் காத்திருப்பதிலேயே அந்த 14 நாளும் கரைந்துவிட்டால், பிறகு வழக்கறிஞர் கிடைத்தும் பயன் குறைவு.

அந்நாள்களில் தேட வேண்டியது பாஸ்போர்ட்டின் நகலை, குறிப்பாக நுழைவு முத்திரை உள்ள பக்கத்தை. முறையான விசாவில் வந்து காலங்கடந்து தங்கியவர் மீது 15(1)(சி) பிரிவில் வழக்கு வரும். அதற்கு 10,000 ரிங்கிட்டுக்குக் குறையாத அபராதமோ, 5 ஆண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். அனுமதியின்றி நுழைந்ததாகக் கூறும் 6(1)(சி) பிரிவிலோ, அபராதத்துக்கும் சிறைக்கும் மேலாக 6 பிரம்படி வரை தண்டனை உண்டு. விமான நிலையம் வழியாகவே வந்தவரானாலும், கையில் எந்தத் தாளும் இல்லையென்றால் அதை மெய்ப்பிப்பது கடினம். பாஸ்போர்ட் முதலாளியிடம் இருக்கிறது என்றால் கேட்கத் தயங்க வேண்டாம். சட்டப்படியான அதிகாரமின்றிப் பிறருடைய பாஸ்போர்ட்டை வைத்திருப்பது 1966ஆம் ஆண்டுப் பாஸ்போர்ட் சட்டப்படி குற்றம்.

முகாமிலோ தூதரகத்திலோ விசாரிக்கும்போது வீட்டில் அழைக்கும் பெயரைச் சொல்வது இன்னொரு தவறு. நம் பாஸ்போர்ட்டுகளில் தந்தை பெயர் முன்னும் பின்னும் மாறி நிற்கும், எழுத்துக்கூட்டலும் வேறுபடும். ஆகவே பாஸ்போர்ட் எண்ணும் பிறந்த தேதியும் இல்லாமல் கேட்டால், அப்படி ஒருவர் இங்கே இல்லை என்ற பதிலே வரக்கூடும். பார்க்கப் போகிறவரிடம் செல்லுபடியாகும் ஆவணம் இருக்க வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை என நினைக்கலாம், ஆனால் பெர்மிட் முடிந்த மனைவி பதற்றத்தில் பினாங்கின் ஜூரு முகாம் வாசலில் போய் நின்றால் அவரும் பிடிபடக்கூடும்.

சிறைத்தண்டனை முடிந்தவுடன் வீட்டுக்கு வந்துவிடுவார் என்று எண்ணிச் சும்மா இருப்பதும் கூடாது. தண்டனைக்குப் பின் அவர் மீண்டும் முகாமுக்கே கொண்டுபோகப்படுவார். நாடு கடத்தும்வரை அங்கே வைத்திருக்கச் சட்டத்தில் காலவரம்பு இல்லை. பாஸ்போர்ட் காலாவதியாகியிருந்தால் தூதரகத்தின் அவசரப் பயணச் சான்றுக்கும், விமான டிக்கெட்டுக்கும் தண்டனைக் காலத்திலேயே ஏற்பாடு தொடங்க வேண்டும். ஆயினும் பயணத் தேதியை முகாம் உறுதி செய்யுமுன் டிக்கெட்டை வாங்கினால் பணம் வீணாகும்.

இலங்கைத் தமிழ் அகதிகள் சிலர், யூ.என். அகதிகள் அலுவலகம் தரும் அட்டை தங்களைக் காக்கும் என்று நம்புகின்றனர். 1951ஆம் ஆண்டு அகதிகள் ஒப்பந்தத்தில் மலேசியா சேரவில்லை. அட்டை குடிநுழைவுச் சட்டத்தின்படியான அனுமதியும் அன்று. 2019 ஆகஸ்ட் முதல் யூ.என். அகதிகள் அலுவலகத்துக்கு முகாம்களுக்குள் செல்லும் அனுமதியும் நின்றுபோனதால், அட்டை எண்ணை அவ்வலுவலகத்துக்கு உடனே தெரிவிப்பது குடும்பத்தாரின் பொறுப்பாகிறது.

குழந்தைகள் விஷயத்தில் நேரும் தவறு கைதுக்குப் பல ஆண்டு முன்பே தொடங்குகிறது. கோயிலில் தாலி கட்டியதோடு நிறுத்தி, திருமணத்தைச் சட்டப்படி பதிவு செய்யாமல் விட்டால், மலேசியத் தந்தைக்கும் வெளிநாட்டுத் தாய்க்கும் பிறந்த பிள்ளை தந்தையின் குடியுரிமையைப் பெறுவதில்லை. பிறகு தாய் பிடிபடும் நாளில், பிள்ளையும் அவரோடு முகாமுக்குப் போக நேரலாம். 2023 முதல் சிறுவர்களுக்கெனத் தனி மையம் இயங்குகிறது. ஆனால் அதுவும் தடுப்புக்காவலே என்பதால், மையத்தை நம்புவதைவிடத் திருமணத்தைத் தேசியப் பதிவுத் துறையில் பதிந்துவைப்பதையே நான் பரிந்துரைப்பேன்.