ஐந்திணைத் தோட்டம் அமைப்பவர்கள் செய்யும் தவறுகள்

சங்கப் பாடல்களின் ஐந்து திணைகளான குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை ஆகியவற்றை அவற்றுக்குரிய செடிகளால் காட்டுவது ஐந்திணைத் தோட்டம். ‘பாலை’ என்று பலகை வைத்து, இரண்டு லாரி மணலைக் கொட்டி, நடுவில் சப்பாத்திக்கள்ளியை நட்டு வைத்திருக்கும் தோட்டங்களைப் பள்ளிகளிலும் ஊர்ப் பூங்காக்களிலும் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் மனம் வலிக்கிறது. சப்பாத்திக்கள்ளி அமெரிக்கக் கண்டத்துச் செடி. ஐரோப்பியர் கப்பல்கள் இங்கே வருவதற்கு முன் தமிழ் நிலத்தில் அது இல்லை. சங்கப் பாடல்களில் வரும் கள்ளி, கிள்ளினால் பால் வடியும் வேறொரு குடும்பத்தைச் சேர்ந்தது. அதில் ஒன்றான சதுரக்கள்ளி இன்றும் நம் கரட்டு நிலங்களில் வேலியாக நிற்கிறது. ஒரு துண்டை ஒடித்து, வெட்டுவாயைச் சில நாள் காயவிட்டு ஊன்றினால் போதும், வளர்ந்துவிடும். பால் கண்ணில் பட்டுவிடாமல் கவனமாக ஒடிக்க வேண்டும், அவ்வளவுதான்.

மணலும் தவறுதான். தொல்காப்பியம் நிலத்தை நான்காகவே பகுக்கிறது. முல்லையும் குறிஞ்சியும் வெயிலில் காய்ந்து தம் இயல்பு திரிந்தால் பாலை ஆகும் என்று சிலப்பதிகாரம் விளக்குகிறது. ஆகவே நம் பாலை மணற்பரப்பு அன்று. மழை பொய்த்த காடு. தோட்டத்தில் சரளை மிகுந்த, தண்ணீர் எட்டாத மூலை ஒன்று இருக்கும். அங்கே சதுரக்கள்ளியும், பாடல்களில் ‘இருப்பை’ என்று வரும் இலுப்பையும், வெட்பாலையும் நிற்கட்டும். வேரூன்றும்வரை நீர் ஊற்றிவிட்டுப் பிறகு விட்டுவிடலாம். கோடையில் வெட்பாலை இலையுதிர்த்து நிற்கும்போது, பாலை என்றால் என்ன என்று பிள்ளைகளுக்குத் தனியாகச் சொல்லித்தர வேண்டியதே இல்லை.

அடுத்தது குறிஞ்சி. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கும் நீலக்குறிஞ்சி வேண்டும் என்ற ஆசையில், மலைக்குச் சுற்றுலா போனவர்கள் செடியைப் பிடுங்கிக்கொண்டு வருகிறார்கள். இதைத் தயவுசெய்து செய்யாதீர்கள். அது சுமார் 1,300 மீட்டருக்கு மேல், சோலைக்காடுகளை ஒட்டிய புல்வெளிகளில் வளர்வது. 2006இல் பூத்தது, 2018இல் பூத்தது. பூத்து விதை விட்டதும் செடி மடிந்துவிடும். சமவெளியின் வெயிலில் அது பூக்கும் வயதையே எட்டாது. காட்டிலும் ஒரு செடி குறைந்துவிடும்.

குறிஞ்சித் திணை என்பது குறிஞ்சிப் பூ மட்டுமா? திணைக்குக் கருப்பொருள் உண்டு: உணவு, மரம், பறவை, தொழில், பறை எல்லாம் சேர்ந்ததே திணை. சமவெளியில் இருப்பவர்கள் தினை விதைக்கலாம். மூன்று மாதத்தில் கதிர் சாய்ந்துவிடும். கிளி வந்தால் பிள்ளைகள் ஓட்டட்டும், அதுவும் பாடம்தான். வேங்கை ஒன்று வைக்கலாம். செங்காந்தள் கிழங்கு ஊன்றினால் மழைக்காலத்தில் வேலியைப் பற்றி ஏறிப் பூக்கும். ஆனால் காந்தளின் கிழங்கிலும் விதையிலும் கோல்சிசின் என்ற கடும் நஞ்சு இருக்கிறது. சிறு குழந்தைகள் மண்ணைக் கிளறி விளையாடும் இடத்தில் அது வேண்டாம். வேறு இடத்தில் வைத்தாலும், நஞ்சு என்று பலகையில் பெரிய எழுத்தில் எழுதியிருக்க வேண்டும்.

மருதத்தில் நடக்கும் தவறு சிறியது. மருதமரத்தை வைத்துவிட்டு, அதன் காலடியிலேயே நெல்லுக்கும் பாத்தி கட்டுகிறார்கள். ஐந்து ஆண்டில் மரம் நிழல் கட்டிவிடும், பிறகு நெல் விளையாது. மரம் வடக்கு வரப்பில் இருந்தால் சம்பாப் பருவத்து வெயில் வயலுக்குக் கிடைக்கும். நெய்தலில் சவுக்குத் தோப்பு போடுவதும் அப்படித்தான். சவுக்கு இந்தக் கரைக்கு விறகுக்காகக் கொண்டுவரப்பட்ட மரம். புன்னை, தாழை, மணலில் படரும் அடும்பு ஆகியவையே நெய்தல்.

கபிலரின் குறிஞ்சிப்பாட்டு 99 பூக்களை அடுக்கிச் சொல்கிறது. அந்த 99ஐயும் நட்டே தீருவோம் என்று கிளம்புகிறவர்களின் ஆர்வம் எனக்குப் புரிகிறது, நானும் அந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு நாற்றுப்பண்ணைகளில் அலைந்தவன். ஆனால் அதில் பல பூக்கள் இன்றைய எந்தச் செடி என்பதில் அறிஞர்களே ஒன்றுபடவில்லை. மருதம் என்பது நீர்மருதா பூமருதா என்றும், பாலை என்பது வெட்பாலையா உலக்கைப்பாலையா என்றும் இன்னும் விவாதம் இருக்கிறது. எண்ணிக்கையை நிரப்பும் ஆசையில், கடைக்காரர் சொன்ன பெயரை அப்படியே பலகையில் எழுதிவிட்டால் பிழை பல தலைமுறைக்கும் போகும். உறுதியாகத் தெரிந்த முப்பது செடிகள் போதும். ஐயம் இருந்தால் ‘இது என்று கருதுவோரும் உண்டு’ என எழுதுங்கள். பார்ப்பவர்கள் நின்று படிப்பார்கள்.

பெயர்க் குழப்பம் சங்கப் பூக்களோடு நிற்பதில்லை. தெருவெங்கும் ஒல்லியாக உயர்ந்து நிற்கும் நெட்டிலிங்கத்தை அசோகமரம் என்று விற்கிறார்கள். உண்மையான அசோகம் செம்மஞ்சள் கொத்துகளாகப் பூக்கும் வேறு மரம். மூலிகைப் பாத்தியில் மஞ்சள் கரிசலாங்கண்ணி என்று நடப்படுவது பல இடங்களில் புல்தரைக்குப் பதிலாக வளர்க்கப்படும் அயல்நாட்டுக் கொடி. மூலிகைத் தோட்டத்தில் இந்தப் பிழை ஆபத்தானது, ஏனென்றால் பலகையை நம்பி இலையைப் பறித்துச் செல்பவர்கள் இருக்கிறார்கள். தாவரவியல் பெயர் சொல்லிக் கேட்டு வாங்குங்கள். பூக்கும்வரை பலகையில் பெயரைப் பென்சிலில் மட்டும் எழுதுங்கள். பூவைக் கல்லூரித் தாவரவியல் ஆசிரியர் ஒருவரிடம் காட்டி உறுதி செய்துகொண்டு நிலையான பலகை வையுங்கள்.

இடம் மிச்சம் இருந்தால், 27 நட்சத்திரங்களுக்கும் ஒவ்வொரு மரம் வைக்கும் நட்சத்திர வனமும் சேர்த்துவிடலாம் என்று ஒருவர் சொல்வார். கணக்கைப் பாருங்கள். மிச்சம் ஐந்து சென்ட் என்று வைத்துக்கொண்டால், அது 2,178 சதுர அடி. 27 மரங்களுக்குப் பங்கிட்டால் ஒன்றுக்கு 80 சதுர அடி, அதாவது ஒன்பதடிக்கு ஒன்பதடி. அந்தப் பட்டியலில் மகத்துக்கு ஆல், பூசத்துக்கு அரசு, கார்த்திகைக்கு அத்தி! பத்து ஆண்டில் இந்த மூன்று மட்டுமே நிற்கும், சுற்றுச்சுவரும் நிற்காது. அசுவினிக்குரிய எட்டியின் விதை கொடிய நஞ்சு என்பதையும் மறந்துவிடுகிறார்கள்.

வண்ணத்துப்பூச்சிப் பாத்தியில் பூச்செடி மட்டும் நடுவது இன்னொரு வழக்கமான பிழை. பூவுக்கு வரும் பூச்சி தேன் குடித்துவிட்டுப் போய்விடும். தங்க வேண்டுமானால் புழு தின்னும் செடி வேண்டும்: கறிவேப்பிலை, எலுமிச்சை, எருக்கு, ஆடுதீண்டாப்பாளை. இலை ஓட்டை ஓட்டையாக ஆகும், மருந்து அடிக்கக் கூடாது. உண்ணிச்செடிக்குப் பூச்சிகள் திரளும் என்றாலும் அதை நடவே கூடாது. நம் காடுகளை அது எப்படி மூடிக்கொண்டிருக்கிறது என்பதை முதுமலைப் பக்கம் போனவர்கள் அறிவார்கள்.

எல்லாவற்றையும்விட அதிகக் கன்றுகளைக் கொல்வது தேதி. ஜூன் 5 உலகச் சுற்றுச்சூழல் நாள் என்பதால் அன்று விழா எடுத்து நூறு கன்றுகள் நடுகிறோம். கேரளத்துக்கு அது பருவமழையின் தொடக்கம். சோழமண்டலக் கரைக்கோ கத்திரி வெயில் முடிந்து ஒரு வாரம்தான். வடகிழக்குப் பருவமழைக்கு இன்னும் நான்கு மாதத்துக்கு மேல் இருக்கிறது. ஜூனில் குழி வெட்டி ஆறவிடுங்கள், எருவிட்டு, மண் காயாமல் இருக்க இலைதழையால் மூடாக்குப் போடுங்கள், புரட்டாசியில் நடுங்கள். மழை முழுவதும் வேர் ஓடும். அதன்பின் வரும் இரண்டு கோடைகளுக்கு யார் எந்த நாளில் தண்ணீர் ஊற்றுவது என்பது நடும் முன்பே பெயரோடு எழுதப்பட்டிருக்க வேண்டும். பள்ளித் தோட்டங்கள் மே விடுமுறையில்தான் காய்கின்றன.

புதுச்சேரிக்கு அருகில் இருக்கிறவர்கள் ஆரோவில் தாவரவியல் தோட்டத்தை ஒருமுறை போய்ப் பாருங்கள். 2000ஆம் ஆண்டில் தொடங்கிய அந்தத் தோட்டத்தில், இந்தக் கரைக்கே உரிய உலர் பசுமைமாறாக் காட்டின் மரங்களை வளர்க்கிறார்கள். ஒரு தாவரத் தொகுப்பு எப்படி இருக்க வேண்டும் என்பது நடந்து பார்த்தாலே தெரியும்.

பலகையை மரத்தில் ஆணி அடித்து மாட்டாதீர்கள், தரையில் ஊன்றுங்கள். ஒரு பதிவேடு வையுங்கள். ஒவ்வொரு செடிக்கும் ஓர் எண், விதையோ கன்றோ எந்த ஊரிலிருந்து வந்தது, யார் கொடுத்தது, எந்த மாதம் நட்டது, எப்போது முதல் பூ, செத்துப்போனால் என்று, எதனால் என்று அதில் இருக்கட்டும். செத்ததை மறைத்துவிட்டு அதே குழியில் அதே பெயரில் வேறு கன்று வைத்தால், அந்தக் குழியில் என்ன சிக்கல் என்று அடுத்துப் பொறுப்பேற்பவருக்குத் தெரியாமலே போய்விடும்.