555 ஐசியை அறுத்துத் திறந்து உள்சுற்றை வரைய

பழைய ஐசியின் (ஒரே சிலிக்கன் துண்டில் அமைந்த சுற்றின்) உட்புறத்தைப் படிக்கப் பழக, நேரம் கணிக்கும் ஐசியான 555 டைமர் போதும். ஹான்ஸ் காமென்சிண்ட் வடிவமைத்து, சிக்னெடிக்ஸ் நிறுவனம் 1972இல் சந்தைக்கு விட்டது. சுமார் 25 டிரான்சிஸ்டர்கள், மேலே ஒரே அலுமினிய அடுக்கு. கறுப்பு பிளாஸ்டிக் உறை வேண்டாம். அதைக் கரைக்கப் புகையும் நைட்ரிக் அமிலம் கேட்கும், வீட்டில் தொடக்கூடாத சமாச்சாரம். டிஓ-99 என்னும் எட்டுக்கால் உலோகக் குப்பியாகப் பார்த்து வாங்குங்கள். 7555 என்றிருந்தால் அது சிமாஸ் என்னும் வேறு வகை டிரான்சிஸ்டர்களால் ஆனது, சுற்றே வேறு.

அறுப்பதற்கு முன் 8ஆம் காலுக்கு 9 வோல்ட், 1ஆம் காலுக்கு கிரவுண்ட் கொடுத்து 5ஆம் காலை அளங்கள். ஐசி சரியாக இருந்தால் 6 வோல்ட்டை ஒட்டி வர வேண்டும்.

நகை வேலைக்கான மெல்லிய ரம்பத்தால், விளிம்புக்குச் சற்று மேலே, குப்பியைத் திருப்பித் திருப்பி அறுங்கள். ஒரே பக்கம் ஆழமாகப் போனால் உள்ளிருக்கும் கம்பிகள் அறுந்துவிடும். விளிம்பில் நீட்டிக்கொண்டிருக்கும் காது 8ஆம் காலின் அடையாளம். அது போனால் கால் எண்ணே தெரியாது. மேலிருந்து பார்க்கையில் எண்கள் இடஞ்சுழியாக ஓடும். தூளை ஊதி எடுங்கள், பிரஷ் கூடாது.

பள்ளி ஆய்வக மைக்ராஸ்கோப்பில் ஒளி கீழிருந்து வரும். சிலிக்கன் அதை மறைத்துவிடும். லென்ஸ் வழியாகவே மேலிருந்து ஒளி விழும் உலோகவியல் மைக்ராஸ்கோப் வேண்டும். 10 மடங்கு லென்ஸில், படத்துக்குப் படம் மூன்றில் ஒரு பங்கு மேற்படியும்படி எடுத்து, படங்களை இணைக்கும் மென்பொருளான ஹுகினில் ஒட்டுங்கள். பாதிப் படம் மங்கினால் ஐசி சாய்ந்திருக்கிறது.

இனி வாசிப்பு. 3 (வெளியீடு), 7 (டிஸ்சார்ஜ்) கால்களில் தொடங்குங்கள். அங்கிருக்கும் டிரான்சிஸ்டர்கள் பெரியவை, தப்ப முடியாது. என்பிஎன், பிஎன்பி என டிரான்சிஸ்டர் இரு வகை; பேஸ், எமிட்டர், கலெக்டர் அதன் மூன்று முனைகள். என்பிஎன் என்றால் தனியாகப் பிரிந்த சிலிக்கன் தீவுக்குள் பேஸ், பேஸுக்குள் எமிட்டர். பிஎன்பி பெரும்பாலும் வட்டம்: நடுவில் எமிட்டர், சுற்றிலும் வளையமாகக் கலெக்டர், பேஸ் இணைப்பு வெளியே. வளையம் துண்டுபட்டிருந்தால் கரண்ட் மிரராக (ஒரு கரண்டை இன்னொரு இடத்தில் நகலெடுக்கும் சுற்றாக) இருக்கலாம். நிறத்தை நம்பாதீர்கள், அது ஆக்சைடின் தடிமனைப் பொறுத்தது, ஐசிக்கு ஐசி மாறும். அலுமினியம் ஒன்றின் மேல் போவதாலேயே இணைப்பு ஆகிவிடாது. தொடர்புத் துளை இருந்தால்தான் இணைப்பு. தவறுகளில் பாதி இங்கேதான்.

ரெசிஸ்டர்கள் பேஸின் அதே அடுக்கில் ஓடும் நீளப் பட்டைகள். 8க்கும் 1க்கும் இடையே ஒரே அளவில் தொடராக நிற்கும் மூன்றைத் தேடுங்கள், ஒவ்வொன்றும் 5 கிலோ ஓம். மேல் சந்திப்பு 5ஆம் காலுக்குப் போகும். இரு சந்திப்புகளையும் பின்தொடர்ந்தால் இரு கம்பாரேட்டர்களும் (இரண்டு வோல்ட்டேஜ்களை ஒப்பிடும் சுற்றுகள்) அகப்படும். டேட்டாஷீட் சுற்றுப்படத்தை வரைந்து முடித்த பிறகே திறங்கள். முதலிலேயே பார்த்தால் இல்லாததும் கண்ணுக்குத் தெரியும்.

வரைந்ததை, சுற்றைக் கணினியில் ஓட்டிப் பார்க்கும் மென்பொருளான எல்டிஸ்பைஸில் ஓட்டுங்கள். 9 வோல்ட்டில் 2ஆம் கால் 3 வோல்ட்டுக்குக் கீழே போனால் வெளியீடு உயர வேண்டும்; பிறகு 2ஐ மேலே வைத்துவிட்டு 6ஆம் காலை 6 வோல்ட்டைத் தாண்டவிட்டால் இறங்க வேண்டும். இல்லையென்றால் பிஎன்பிகளில் எமிட்டரும் கலெக்டரும் இடம் மாறியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கம்பிகள் தப்பியிருந்தால் திறந்த ஐசியிலேயே அளந்து ஒப்பிடலாம். விளக்கை அணைத்துவிட்டு அளங்கள், ஒளி பட்டால் சிலிக்கன் சந்திகளில் தானாகவே கரண்ட் ஓடும்.