பழைய ஸ்கூட்டருக்கு டெம்பரேச்சர் மீட்டர்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

இந்த வருஷம் பங்குனியில் ஒரு தம்பி தன் அப்பாவின் சேத்தக்கை டெம்போவில் ஏற்றிக் கோபியில் என் பட்டறைக்குக் கொண்டுவந்தார். திம்பம் மலை ஏறும்போது பிஸ்டன் பிடித்துவிட்டது. ஹேண்டிலில் புதிதாக, சிலிண்டர் ஹெட்டின் சூட்டைக் காட்டும் டெம்பரேச்சர் மீட்டர் ஒன்று பளபளத்தது.

"ஏனுங்ண்ணா, மீட்டரு நூத்தி எழுவதத் தாண்டவே இல்லீங். பாத்துப் பாத்துத்தான் ஓட்டுனனுங். அப்பறம் எப்படிங் புடிச்சுது?"

இன்ஜின் பக்க சைடு பேனலைக் கழற்றினேன். சென்சார் ஒயரின் நடுவில் கறுப்பு டேப் சுற்றிய ஒரு முடிச்சு. அதற்கு மேல் நான் ஒன்றும் கேட்கவில்லை. பதினோரு வருஷத்துக்கு முன்னால் இதே இடத்தில், இதே மாதிரி டேப் சுற்றி, என் விஜய் சூப்பரில் நானே போட்ட முடிச்சு அது. அப்போது எனக்குச் சொல்ல ஆள் இல்லை. இப்போது வருஷத்துக்கு நாலு வண்டியாவது இந்த முடிச்சோடு வருகிறது. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

நட்டை இறுக்க மறப்பது, பேட்டரி தீர்ந்துபோவது மாதிரி விஷயங்களை விட்டுவிடுகிறேன். அவற்றை வண்டியே சொல்லிக்கொடுத்துவிடும்.

சென்சார் ஒயரை வெட்டி ஒட்டுப்போடுவது

நம் ஊரில் ஒயர் ஒட்டத் தெரியாத வீடு குறைவு. கிணற்று மோட்டாருக்கும் போர் மோட்டாருக்கும் நூறடி, இருநூறடி கேபிளை ஜாயின்ட் போட்டே பழகிய கை நமக்கு. செம்பு செம்போடு சேர்ந்தால் கரண்ட் போகும், வேலை முடிந்தது. அந்தப் பழக்கத்தில்தான் சென்சார் ஒயர் ஹேண்டில் வரை எட்டவில்லை என்றதும் வெட்டி, பட்டறையில் கிடக்கும் செம்பு ஒயரை நடுவில் சேர்த்துவிடுகிறோம்.

சூட்டை அளக்க ஸ்பார்க் பிளக்குக்கு அடியில் போடும் சென்சார் வளையம் ஒரு தெர்மோகப்பிள். இரண்டு வேறு உலோகக் கலவைக் கம்பிகள் ஒரு முனையில் சேர்ந்திருக்கும். அந்த முனைக்கும் மறுமுனைக்கும் சூட்டில் வித்தியாசம் இருந்தால் கம்பிகளுக்கிடையே மிகச் சிறிய வோல்டேஜ் பிறக்கும். 1821-இல் சீபெக் கண்டறிந்தது இது. நம் மீட்டர்களோடு பெரும்பாலும் வரும் கே வகையில் ஒரு டிகிரிக்குச் சுமார் 41 மைக்ரோவோல்ட். இதில் கவனிக்க வேண்டியது, அது அளப்பது இரண்டு முனைகளுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டுமே. மறுமுனை மீட்டருக்குப் பின்னால் இருக்கிறது என்று நம்பி, மீட்டர் தன் சொந்தச் சூட்டை அளந்து அதோடு கூட்டிக் காட்டுகிறது.

நடுவில் செம்பைச் சேர்த்தால், தெர்மோகப்பிளின் மறுமுனை அந்த முடிச்சுக்கு வந்துவிடும். அங்கிருந்து மீட்டர் வரை ஓடும் செம்பு எந்த வோல்டேஜையும் கூட்டாது. மீட்டருக்கு இது தெரியாது. அது பழையபடி தன் சூட்டையே கூட்டிக்கொண்டிருக்கும்.

அந்தத் தம்பியின் வண்டிக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள். முடிச்சு இருந்தது சைடு பேனலுக்குள், சிலிண்டர் விடும் அனல் காற்றில். மலை ஏறும்போது அங்கே 75 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். ஹேண்டிலில் காற்றுப் படும் மீட்டர் 30 டிகிரி. ஹெட் நிஜத்தில் 215-இல் இருக்கிறது. மீட்டர் காட்டுவது 215-இல் 75 போய், 30 கூட்டி, 170. நாற்பத்தைந்து டிகிரி குறைவு. இன்ஜின் சூடேற ஏற முடிச்சும் சூடேறும், மீட்டரின் பொய்யும் கூடும். எந்த நேரத்தில் உண்மை வேண்டுமோ அந்த நேரத்தில்தான் அதிகமாக ஏமாற்றும்.

இந்தத் தவறை வழக்கமான சோதனையில் பிடிக்க முடியாது. காலையில் இன்ஜின் ஆறியிருக்கும்போது முடிச்சும் மீட்டரும் ஒரே சூட்டில் இருக்கும், அதனால் மீட்டர் சரியாகவே காட்டும். வளையத்தைக் கழற்றிக் கொதிக்கும் தண்ணீரில் முக்கினாலும் முடிச்சு வெளியே ஆறிக் கிடக்கும், அப்போதும் சரியாகவே காட்டும். இரண்டு சோதனையும் செய்துவிட்டு மீட்டர் நல்ல மீட்டர் என்று நம்பித்தான் நானும் அன்றைக்குப் பண்ணாரி தாண்டித் திம்பம் ஏறினேன். இருபதாவது வளைவுக்கு மேல் பின்சக்கரம் கட்டிக்கொண்டது. கிளட்சைப் பிடித்ததால் விழாமல் தப்பினேன். சாயங்கால நேரம், யானை நடமாடும் காடு, பின்னால் கரும்பு லாரி. இப்போது நினைத்தாலும் அந்த முடிச்சின் மேல்தான் கோபம் வருகிறது.

அலுமினியப் பிஸ்டன் சூட்டில் விரிவது வார்ப்பிரும்புச் சிலிண்டரைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. இடைவெளி தீர்ந்ததும் இரண்டும் கவ்விக்கொள்ளும். தம்பியின் சேத்தக் 57 மில்லி போர். கால் மில்லி ஏற்றிப் போரிங் போட்டு, புதுப் பிஸ்டன், ரிங் எல்லாம் வாங்கவேண்டியதாயிற்று. எல்லாம் ஒரு முழ ஒயரை மிச்சம் பிடித்ததற்கு.

முடிச்சு பொய் சொல்கிறதா என்று தெரிய ஒரே வழிதான் உண்டு. இன்ஜினை ஓடவிட்டு, மீட்டர் ஒரு எண்ணில் நின்றதும் முடிச்சின் மேல் மட்டும் ஹேர் டிரையரில் சூடு காட்டுங்கள். எண் இறங்கினால் அது செம்பு ஒட்டுதான். தம்பியின் முன்னாலேயே செய்யலாம் என்றால் இன்ஜின் ஓடாது. அதனால் வளையத்தைக் கொதிதண்ணீரில் போட்டுவிட்டு முடிச்சைச் சூடாக்கிக் காட்டினேன். 98-இல் இருந்த எண் மளமளவென்று 60-க்குக் கீழே வந்தது. அவர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். "ஈயம் ஒட்டவே மாட்டீனுதுங்ண்ணா, அதான் முறுக்கி டேப்பு சுத்தீட்டனுங்" என்றார். ஈயம் ஒட்டாததே ஓர் எச்சரிக்கை. அந்தக் கலவைகளில் சாதாரண ஈயம் லேசில் பிடிக்காது. உங்கள் கையில் இருப்பது செம்பு இல்லை என்று ஒயரே சொல்கிறது.

ஒயர் எட்டவில்லை என்றால் கே வகை எக்ஸ்டென்ஷன் ஒயர் என்று கேட்டு வாங்குங்கள், அதற்கென்றே உள்ள கே வகைப் பின் கனெக்டரோடு. பாய்லர், சாயப்பட்டறை, ஃபவுண்டரிகளுக்குச் சாமான் விற்கும் கடைகளில் கோவையிலும் திருப்பூரிலும் மீட்டர் கணக்கில் கிடைக்கும். ஒயர் நீளமாக இருந்தாலும் வெட்டவேண்டாம். சுருட்டி ஹேண்டிலுக்குக் கீழே, ஹார்ன் மூடிக்குள் வைத்துக் கட்டிவிடுங்கள்.

சிவப்பைப் பிளஸ் என்று எடுத்துக்கொள்வது

அமெரிக்க முறை கே ஒயரில் மஞ்சள்தான் பிளஸ், சிவப்பு மைனஸ். சர்வதேச முறையில் பச்சை பிளஸ், வெள்ளை மைனஸ். நம் கடைகளில் இரண்டும் கலந்து வரும். மாற்றிக் கொடுத்தால் இன்ஜின் சூடேறும்போது எண் இறங்கும். அதைப் பார்த்து மீட்டரைக் குறை சொல்லித் திருப்பிக் கொடுத்தவர்களை எனக்குத் தெரியும்.

நிறமே தெரியாத ஒயர் என்றால் காந்தத்தைக் கொண்டுபோங்கள். கே வகையில் காந்தம் இழுக்கும் கம்பி மைனஸ். ஜே வகையில் நேர்மாறு, அதன் பிளஸ் கம்பி இரும்பு. வாங்கும்போதே மீட்டரும் சென்சாரும் ஒரே வகையா என்று பார்த்துவிடுவது நல்லது. ஜே சென்சாரைக் கே மீட்டரில் கொடுத்தால் எண் ஏறித் தெரியும்.

வாஷர் மேல் வாஷர்

பிளக்கோடு வரும் வாஷரையும் விட்டு, அதற்கு மேல் சென்சார் வளையத்தையும் போட்டால் பிளக் மேலே தூக்கி நிற்கும். வளையத்தோடு வந்த தாளில் என்ன சொல்லியிருக்கிறதோ அதைச் செய்யுங்கள். பெரும்பாலும் பழைய வாஷரைக் கழற்றிவிட்டு வளையத்தைப் போடச் சொல்லியிருக்கும். இறுக்கும்போது வளையம் பிளக்கோடு சேர்ந்து சுற்றும். ஒரு விரலால் அதை நிறுத்திப் பிடிக்காவிட்டால் கம்பி வளையத்தோடு சேரும் கழுத்தில் முறுக்கிக்கொண்டு, ஆறு மாதத்தில் அங்கேயே அறுந்துபோகும். அறுந்தால் மீட்டரில் எண்ணுக்குப் பதில் கோடு தெரியும், இல்லாவிட்டால் உச்ச எண்ணில் போய் நிற்கும்.

சூடான ஹெட்டில் பிளக்கைக் கழற்றுவது

ஆறட்டும். மரை அலுமினியம், சூட்டில் கழற்றினால் பெயர்ந்துவிடும்.

காற்று மூடியை நெளித்து ஒயர் விடுவது

மீட்டர் மாட்டியதாலேயே இன்ஜின் சூடானது என்றால் நம்புவீர்களா? எனக்கு இரண்டு வண்டியில் நடந்திருக்கிறது. சேத்தக், வெஸ்பா, லாம்பிரெட்டா எல்லாவற்றிலும் சிலிண்டர் உடம்புக்கு நடுவில் மறைந்திருக்கிறது. ஓடும் காற்று அதன்மேல் படாது. மேக்னெட்டில் இருக்கும் விசிறிதான் காற்றைத் தள்ளும், சிலிண்டர் மேல் கவிழ்ந்த மூடிதான் அந்தக் காற்றை ஃபின்களுக்கிடையே கொண்டுபோகும். சென்சார் கழுத்து இடிக்கிறது என்று மூடியின் ஓரத்தைக் குறட்டால் நெளித்துவிட்டாலோ, ஒரு போல்ட்டைப் போடாமல் விட்டாலோ, காற்று அந்தச் சந்தில் ஓடிவிடும். ஹெட்டுக்குப் போகவேண்டிய காற்று அது.

ஒயர் போகும் அளவுக்கு மட்டும் ஓர் ஓரத்தில் அரத்தால் சிறு வெட்டு வெட்டி, ரப்பர் குரோமெட் போடுங்கள். மூடியைக் கழற்றிய கையோடு ஃபின்களைப் பாருங்கள். எண்ணெயும் செம்மண்ணும் சேர்ந்து கெட்டியாகி அடைத்திருந்தால், குச்சியும் டீசலும் வைத்துச் சுரண்டுங்கள். மீட்டர் அதிக எண் காட்டுகிறது என்று வரும் வண்டிகளில் நான் முதலில் பார்ப்பது இதை. அடுத்தது டைமிங். மூன்றாவது, கார்புரேட்டர் அடியிலோ கிராங்க் சீலிலோ சந்து வழியாக உள்ளே போகும் திருட்டுக் காற்று. ஐடிலில் இன்ஜின் வேகம் ஏறி இறங்கிக்கொண்டிருந்தால் சீலைச் சந்தேகப்படுங்கள்.

பிளக் ஒயரோடு சேர்த்துக் கட்டுவது

பார்க்க அழகாக இருக்கும் என்று இரண்டையும் ஒரே டையில் கட்டுவார்கள். எண் 90, 240, 130 என்று குதிக்கும். மைக்ரோவோல்ட் போகும் ஒயருக்குப் பக்கத்தில் ஆயிரக்கணக்கான வோல்ட் போனால் வேறென்ன ஆகும்? நாலு விரல்கடை தள்ளியே கொண்டுபோங்கள், குறுக்கே போயே ஆகவேண்டிய இடத்தில் நேர்குறுக்காகப் போகட்டும். அதற்கும் அடங்காவிட்டால் 5 கிலோ ஓம் ரெசிஸ்டர் உள்ள பிளக் கேப் போடுங்கள்.

ஹெட்லைட் ஒயரிலிருந்து மீட்டருக்குக் கரண்ட் எடுப்பது

பேட்டரி இல்லாத பழைய வண்டியில் அது ஏசி. மீட்டர் புகைந்துவிடும். தனி பேட்டரி உள்ள மீட்டரே நிம்மதி.

ஊட்டியில் கொதிதண்ணீர் சோதனை

தண்ணீர் 100-இல் கொதிக்கும் என்பது கடல்மட்டத்துக் கணக்கு. கோவையில் 98, 99 காட்டும். 2,240 மீட்டர் உயர ஊட்டியில் 92, 93-இலேயே கொதித்துவிடும். அங்கே 93 காட்டும் மீட்டர் சரியான மீட்டர். வளையம் பாத்திரத்தின் அடியைத் தொடாமல் தொங்கவேண்டும்.

அடுத்தவர் வண்டியின் எண்ணைக் கேட்டு ஓட்டுவது

"எத்தனை டிகிரி வரைக்கும் போலாமுங்ண்ணா?" என்று எல்லோரும் கேட்கிறார்கள். என் விஜய் சூப்பர் கோபி–சத்தி ரோட்டில் 135-லிருந்து 150 வரை நிற்கும். அது என் வண்டி, என் ஜெட், என் பிளக். வளையத்தின் கனம் மாறினாலே எண் மாறும். முதல் ஒரு மாதம் உங்களுக்குத் தெரிந்த ரோட்டில், ஒரே வேகத்தில் ஓட்டி, காலை எண், மத்தியான எண் இரண்டையும் எழுதிவையுங்கள். பிறகு அதே ரோட்டில் 20 டிகிரி கூடினால் நிறுத்திக் காரணம் தேடுங்கள். நின்ற எண்ணைவிட ஏறுகிற வேகத்தைப் பாருங்கள். பிஸ்டன் சூடாவது முந்தி, ஹெட் வழியாகப் பிளக் வளையத்துக்கு அது வந்து சேருவது பிந்தி.

மலையில் இன்னொன்று. எண் ஏறுகிறது என்று பயந்து, இன்ஜின் சத்தம் போடக்கூடாதே என்று மூன்றாவது கியரிலேயே முனகவிடுவார்கள். விசிறி சுற்றுவது இன்ஜின் வேகத்தில். இன்ஜின் மெதுவாகச் சுற்றினால் காற்றும் குறைவு, முழு ஆக்சிலேட்டரில் சூடோ அதிகம். இரண்டாவதுக்கு இறக்கி, ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் விட்டு ஏறுங்கள். இறங்கும்போது ஆக்சிலேட்டரை முழுக்க மூடி இன்ஜின் பிரேக்கிலேயே வராதீர்கள். இந்த டூ-ஸ்ட்ரோக் இன்ஜின்களில் பெட்ரோலோடுதான் எண்ணெய் உள்ளே போகிறது, பெட்ரோலை அடைத்தால் எண்ணெயும் அடைபடும். அவ்வப்போது கிளட்சைப் பிடித்து ஒரு முறுக்கு முறுக்குங்கள்.

ஆடியில் அந்தத் தம்பி மறுபடி திம்பம் ஏறினார். ரன்னிங்-இன் முடித்து, முடிச்சில்லாத ஒயரோடு. ஆசனூரிலிருந்து போன் செய்தார். "பதினெட்டாவது வளைவுல நூத்தித் தொண்ணூத்தி மூணுங்ண்ணா. ரெண்டாவதுக்கு எறக்குனனுங். மேல போறதுக்குள்ள நூத்தி எம்பதுக்கு வந்துருச்சுங்."