குடியை நிறுத்திய பிறகு வரும் 'என்னமோ மாதிரி': அதைக் கவனிக்கப் பழகுவது எப்படி?

குடியை நிறுத்திவிட்டு மறுபடி தொட்டவர்களிடம் காரணம் கேட்டுப் பாருங்கள். "என்னமோ மாதிரி இருந்துச்சு" என்பார்கள். நானும் அதையேதான் சொல்லியிருக்கிறேன், மூன்று முறை. நாலாவது முறை நிறுத்தி ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. அந்த 'என்னமோ மாதிரி' என்னவென்று கண்டுபிடிக்கக் கற்றுக்கொண்டதால்தான் இந்த முறை நிலைத்தது என்று உறுதியாக நம்புகிறேன். புதிதாக நிறுத்தியிருப்பவர்களுக்காக அதைப் படிப்படியாக எழுதுகிறேன்.

தொடங்கும் முன்

தினமும் அதிகமாகக் குடித்து வந்தவர், வீட்டிலேயே திடீரென நிறுத்தக் கூடாது. முதல் இரண்டு நாளில் வலிப்பு வரலாம். இரண்டு மூன்று நாளில் இல்லாதது கண்ணுக்குத் தெரியும், ஆள் அடையாளம் குழம்பும். உயிருக்கே ஆபத்தான நிலை அது. டாக்டரைப் பார்த்து, மருந்தின் துணையோடு நிறுத்துங்கள். கீழே உள்ளதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

படி 1: முதலில் உடம்பைப் பாருங்கள்

"மனசுல என்ன ஓடுது?" என்று கேட்டால் ஆரம்பத்தில் பதிலே வராது. பல ஆண்டுகளாக எது வந்தாலும் ஊற்றி அணைத்திருக்கிறோம், எப்படித் தெரியும்? அதனால் உடம்பிடம் கேளுங்கள். தாடை இறுகியிருக்கிறதா, நெஞ்சு கனக்கிறதா, வயிறு பிசைகிறதா, தொண்டை அடைக்கிறதா? காலை, மாலை, படுக்கும் முன் என மூன்று வேளை, ஒரு பாக்கெட் நோட்டில் ஒரே ஒரு வரி எழுதுங்கள். "மாலை 6, தாடை இறுக்கம்." அவ்வளவு போதும்.

படி 2: பெயர் வையுங்கள்

ஒரு வாரம் கழித்து, அந்த வரிக்குப் பக்கத்தில் ஒரு பெயர் சேருங்கள். எனக்கு உதவியது நம் தொல்காப்பியம். உள்ளத்தில் எழுவது உடம்பில் தெரிவதை அது 'மெய்ப்பாடு' என்கிறது. எட்டு வகை சொல்கிறது: நகை (சிரிப்பு), அழுகை, இளிவரல் (இழிவு), மருட்கை (வியப்பு), அச்சம், பெருமிதம், வெகுளி (கோபம்), உவகை (மகிழ்ச்சி). அழுகை எதனால் வரும் என்பதற்கு நான்கு காரணமும் தருகிறது: இளிவு, இழவு, அசைவு, வறுமை. அதாவது பிறர் நம்மைத் தாழ்வாக நடத்துவது, இழப்பு, முன்பிருந்த நிலையிலிருந்து சரிவது, இல்லாமை. குடிநோயிலிருந்து மீள்பவருக்கு இந்த நான்கும் எவ்வளவு பழக்கமானவை!

நிறுத்திய இரண்டாம் மாதம், ஒரு கல்யாண வீட்டில் "அவன் கையில பணத்தைக் கொடுக்காதீங்க" என்று ஒரு உறவினர் சொன்னது காதில் விழுந்தது. பயங்கரக் கோபம் என்று நினைத்தேன். இரவு நோட்டை எடுத்தபோது தாடையில் இறுக்கமே இல்லை, தொண்டைதான் அடைத்திருந்தது. அது வெகுளி இல்லை, இளிவு. கோபம் என்றே நினைத்திருந்தால் சண்டைக்குப் போயிருப்பேன், அங்கிருந்து நேராகக் கடைக்கு. இளிவு என்று தெரிந்ததும் மனைவியிடம் சொல்லி அழ முடிந்தது.

பெயர் வைப்பதில் உண்மையாகவே பலன் இருக்கிறது. அமெரிக்க உளவியலாளர் மேத்யூ லீபர்மேன் குழுவினர் 2007-இல் வெளியிட்ட மூளை ஸ்கேன் ஆய்வில், முகங்களில் தெரிந்த உணர்ச்சிக்குப் பெயர் சொன்னபோது பயம் போன்ற உணர்ச்சிகளில் விழித்துக்கொள்ளும் அமிக்டலா என்ற மூளைப் பகுதியின் பரபரப்பு குறைந்தது.

படி 3: நான்கு கேள்விகள்

ஏஏ (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், குடியை விட நினைப்பவர்கள் ஒருவருக்கொருவர் துணை நிற்கும் அமைப்பு) கூட்டங்களில் அடிக்கடி கேட்கலாம்: பசியா, கோபமா, தனிமையா, அசதியா? ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்தால் 'ஹால்ட்', நில் என்று பொருள். பசியைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். சாயங்காலத்து ஏக்கம் பல நாள் இரண்டு இட்லியில் அடங்கியிருக்கிறது. நான் சட்டைப் பையில் கடலை மிட்டாய் வைத்திருப்பேன் (சர்க்கரை நோய் உள்ளவர்கள் வறுத்த கடலை). வீட்டில் இருப்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அவர் உள்ளே நுழைந்ததும் "குடிச்சியா?" என்று முகர்ந்து பார்க்காமல் "சாப்பிட்டியா?" என்று கேளுங்கள்.

படி 4: அலையைக் கடத்துங்கள்

சரி, எல்லாம் செய்தும் ஏக்கம் வந்துவிட்டது. அதோடு மல்லுக்கட்ட வேண்டாம். அது அலை மாதிரி ஏறும், உச்சிக்குப் போகும், இறங்கும் என்று விளக்கியவர் அமெரிக்க உளவியலாளர் ஆலன் மார்லட். பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் தணிந்துவிடும். போனில் 30 நிமிட அலாரம் வையுங்கள். அதுவரை எந்த முடிவும் எடுக்காதீர்கள். ஏக்கம் உடம்பில் எங்கே இருக்கிறது, கூடுகிறதா குறைகிறதா என்று பாருங்கள். முகம் கழுவுங்கள், நடங்கள், ஒருவருக்குப் போன் செய்யுங்கள். யாருக்கு என்பதை முன்பே எழுதி வைத்திருக்க வேண்டும். அந்த நேரத்தில் யோசனை ஓடாது. யாரும் கிடைக்காவிட்டால் போதை மீட்புக்கான தேசிய இலவச எண் 14446, மனநல ஆலோசனைக்கு டெலி மானஸ் 14416.

சம்பள நாளில் டாஸ்மாக் இல்லாத வழியாக வீட்டுக்குப் போங்கள், சுற்று வழியானாலும் பரவாயில்லை.

படி 5: சறுக்கினால்

முதலில் மறைக்காமல் ஒருவரிடம் சொல்லுங்கள். பழையபடி தினமும் தொடர ஆரம்பித்திருந்தால் மறுபடியும் டாக்டர் துணையோடுதான் நிறுத்த வேண்டும். அப்புறம் நோட்டை எடுத்து, குடித்ததற்கு முந்தைய ஆறு மணி நேரத்தைப் பின்னோக்கி எழுதுங்கள்: எங்கே இருந்தீர்கள், யார் என்ன சொன்னார்கள், கடைசியாக எப்போது சாப்பிட்டீர்கள், உடம்பில் எங்கே இறுகியது. என் மூன்றாவது சறுக்கலை அப்படி எழுதியபோது, காரணம் சாயங்காலத்தில் இல்லை, காலையில் வந்த ஒரு போனில் இருந்தது.